எங்கே, படி பார்ப்போம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளிலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதிலும் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஜூன் மாதம் எழுத்தே தெரியாமல் வருகிற பிள்ளை, ஏப்ரலில் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே தெருவில் நடக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எந்த வகுப்பு ஆசிரியருக்கும் கிடைக்காது.

இந்தக் காலத்துக்குள் எத்தனையோ மாறிவிட்டன. சிலேட்டு போய் நோட்டு வந்தது. பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அட்டை வந்தது. அட்டை போய் மறுபடி புத்தகம் வந்தது. பிறகு கைபேசி வந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பழசு என்று கழித்துக் கட்டியவற்றில் பல, ஒரு தலைமுறை கழித்துப் புதுப்பெயரோடு வகுப்புக்குள் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு, மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கிற நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மணல்

அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைக் கீறச் சொல்வார்களாம். கீறும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரலும் வாயும் சேர்ந்து போகவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிற பெரிய பையன் மணலைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வான். வாத்தியார் ஒருவர்தான். அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை, அவனுக்குக் கீழே முன்னால் படித்த பையன்கள். சின்னவன் சொல்வதைப் பெரியவன் கேட்பான், பெரியவன் சொல்வதைச் சட்டாம்பிள்ளை கேட்பான், சட்டாம்பிள்ளை சொல்வதை வாத்தியார் கேட்பார். பொழுது சாய்ந்த பிறகு முறை சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். தன் வாயால் ஒரு முறையாவது ஒப்பிக்காத பையன் அன்று அந்தத் திண்ணையை விட்டு இறங்கியதில்லை.

இந்த முறையைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் இல்லத்திலும் புகுத்தினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவராதபோது, படித்த சிறுவர்களைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் 'மதராஸ் முறை'யில் படித்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழும்பிய 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. நம் ஊர்த் திண்ணைகள் காலியான பிறகும் அந்தப் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது.

திண்ணையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அங்கே அடி உண்டு. கோதண்டத்தில் தொங்கவிடுவது உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எல்லோருக்குமான திண்ணை இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அதன் அருகே வரவே வழியில்லை. அப்பா படித்த அதே தெருவில் வளர்ந்த என் அத்தை அந்தத் திண்ணையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவருக்கு எழுத்து கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சிலேட்டு

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு, ஒரு துண்டுப் பலப்பம். சனிக்கிழமை வந்தால் வேலியில் கோவை இலை பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துச் சிலேட்டில் தேய்த்துக் காயவைப்போம். திங்கட்கிழமை கன்னங்கரேலென்று இருக்கும் சிலேட்டில் டீச்சர் பெரிதாக ஒரு 'அ' எழுதிக் கொடுப்பார். அதன் மேலேயே எழுத வேண்டும். பத்துத் தரம், இருபது தரம். எழுத்து விரல் தடிமனுக்கு வெள்ளையாகிவிடும். அதற்குள் கை அந்த வளைவைப் பழகியிருக்கும்.

அரிச்சுவடி வரிசையில் ஒரு சிரமம் இருந்தது. எழுதத் தொடங்கும் கைக்கு முதல் எழுத்தே 'அ'. மூன்றாவது 'இ'. இரண்டுமே சுழித்து, வளைத்து, திரும்பி வர வேண்டிய எழுத்துகள். ஐந்து வயது விரலுக்கு அது மலைதான். பின்னால் வந்தவர்கள் இதை யோசித்தார்கள். நேர்கோட்டில் எழுதக்கூடிய ட, ப, ம போன்றவற்றில் தொடங்கி, அவற்றை வைத்தே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொல்லாகவே படிக்க வைக்கும் முறை வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்ற தெம்பு பிள்ளைக்கு வரும். அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்றேன்.

எழுத்தே மாறியதும் என் காலத்தில்தான். நாங்கள் படித்தபோது ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது, எழுத்தோடு ஒட்டிய சுழிதான். ணை, லை, ளை, னை நான்கிலும் கொம்பு முன்னால் நிற்காமல் எழுத்தின் தலையிலேயே ஏறி வளையும். பெரியார் 1935-இலேயே தம் பத்திரிகையில் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்து, பதின்மூன்று எழுத்துகள் மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்கு வந்தன. எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தாத்தாவும் பேரனும் 'னை'யை வெவ்வேறு விதமாக எழுதுகிற வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. பதின்மூன்று விதிவிலக்குகள் குறைந்ததால் சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சுமை இறங்கியது என்பது ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும்.

விரலும் வாயும்

தமிழ் படிப்பது சுலபம், எழுதியபடியே படிக்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரும் வரை பிள்ளை படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

'கெ' என்று எழுதியிருந்தால் கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ 'க்'. 'கொ' வந்தால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றையும் பார்த்த பிறகுதான் ஓர் ஒலி பிறக்கும். கண் ஓர் எழுத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வர வேண்டும். கௌதாரியைக் 'கெள-தாரி' என்று ஒரு முறையாவது படிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. காலையும் 'ர'வையும் மாற்றிப் படிப்பார்கள். உகர வரிசையோ இன்னும் கடினம். ஆகாரம் என்றால் எல்லா எழுத்துக்கும் ஒரே கால். உகரத்துக்கு அப்படி ஒரே அடையாளம் இல்லை. கு ஒருவிதமாக வளையும், சு கீழே கோடாக இறங்கும், து சுற்றிக்கொண்டு மேலே ஏறும், மு இன்னொரு பக்கம் சுழியும். இகரம் வரை ஓடி வந்த பிள்ளை உகரத்தில் நின்றுவிடும். அங்கே நின்ற பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் அது ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே நிற்கும்.

இதை எந்தத் தேர்வுத்தாளும் சரியாகக் காட்டாது. ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். பாடம் முழுவதையும் கணீரென்று படிப்பான், நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் அப்படியே டீச்சரின் குரல். கேட்பவர்கள் வகுப்பிலேயே இவன்தான் முதல் என்பார்கள். ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாம் வரியில் இருந்தது, விரல் முதல் வரியைத் தாண்டவில்லை. பாடத்தில் இருந்த ஐந்து சொற்களை வரிசை மாற்றிச் சிலேட்டில் எழுதி, "எங்கே, படி பார்ப்போம்" என்றேன். படத்தைத் தேடினான். படம் இல்லை. முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

அவன் மக்குப் பையன் இல்லை. ஒரு பாடம் முழுவதையும் காதால் வாங்கி நினைவில் வைத்துக்கொள்கிற பிள்ளைக்கு நல்ல மூளை. யாரும் அவன் விரலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் அவனுக்கு என்று கொஞ்ச நேரம் ஒதுக்கினேன். ஒரு நாளைக்கு மூன்று சொல், அதற்கு மேல் இல்லை. கார்த்திகைக்குள் விரலும் வாயும் ஒன்றாக நகர ஆரம்பித்தன. மணலில் எழுதிய அப்பா காலத்துப் பையன்களுக்குச் சட்டாம்பிள்ளை செய்ததும் இதே வேலைதான்.

அத்தை

1991-இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இயக்கத்தின் பகுதியாகவே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட செய்தி நாடெங்கும் போனது. அறிவொளிப் பாடம் அகர வரிசையில் தொடங்கவில்லை. அவர்கள் அன்றாடம் பேசுகிற சொல்லில் தொடங்கி, அதைப் பிரித்து எழுத்துக்குப் போனது.

என் அத்தையும் போனார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளி முடித்த பக்கத்துத் தெருப் பெண், அத்தையின் பேத்தி வயது. பாடத்தை அத்தை திக்கித் திக்கிப் படிக்க, அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவசரப்படுத்த மாட்டாள். அத்தை முதலில் தானாகப் படித்தது பேருந்துப் பலகை. "இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்லடி" என்று என்னிடம் சொன்னார். பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் எழுத்து ஏறுகிற வழி ஒன்றுதான் என்பதை நான் அங்கேதான் முழுதாக நம்பினேன்.

அட்டையும் ஏணியும்

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை ஒட்டி, அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் கொண்டுவந்தது. 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சும் வரிசையும் போய் பாய் வந்தது. சுவரில் ஏணிப்படி வரைந்த பெரிய தாள். தட்டுகளில் யானை, முயல் என்று படக்குறி போட்ட அட்டைகள். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் ஆளுக்கு ஒரு கட்டம் கரும்பலகை.

அதில் இரண்டு நல்லவை இருந்தன. நாற்று நடவுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருகிற பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடாது. இரண்டாவது, குழு. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். அறைக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாம் புதுமை, புதுமை என்றார்கள். எனக்கு அது அப்பா சொன்ன திண்ணையாகத்தான் தெரிந்தது. வேறுபாடும் உண்டு. இந்தத் திண்ணையில் பிரம்பு இல்லை. பெண் பிள்ளைகளும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பெரிய நிறைவு.

ஆனால் குறையும் இருந்தது. ஓர் அறையில் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருக்க, ஆசிரியர் ஒருவர் என்றால், அட்டையை முடித்ததாகக் குறிக்கத்தான் நேரம் இருக்கும். குறித்ததெல்லாம் படித்ததாகிவிடாது. ஏணியில் மேல் படியில் பெயர் இருக்கும், பிள்ளையோ உகரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

இன்று

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளைகள் நேராக இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தெரிந்திருந்ததையும் மறந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யை நான் நன்றியோடு நினைக்கிறேன். மாலையில் ஊருக்குள், மர நிழலிலும் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். என் அத்தையை ஏற்றாத திண்ணைக்கு எழுத்து திரும்பி வந்தபோது, அங்கே வாத்தியாராக உட்கார்ந்திருந்தது ஒரு பெண். பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை வெட்கப்படாமல் முதலிலிருந்து தொடங்கலாம். மணலில் எழுதுவது, பாட்டு, பொம்மலாட்டம், கதை எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியான சிறு கதைப் புத்தகங்கள் வந்தன. எங்கள் காலத்தில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கண்ணில் பட்டதில்லை. இப்போது கயிற்றில் தொங்கும் வண்ணப் புத்தகங்களைப் பிள்ளைகள் எட்டிப் பறிக்கிறார்கள்.

வீடும் மாறியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, சேர்க்கைப் படிவத்தில் பெரும்பாலான தாய்மார்கள் கைநாட்டு வைத்தார்கள். மை தொட்ட விரலைத் துடைக்க ஒரு துணி மேசையிலேயே கிடக்கும். நான் ஓய்வு பெறும்போது அந்தத் துணிக்கு வேலை இல்லை. எல்லாத் தாய்மார்களும் கையெழுத்துப் போடுகிறார்கள், படிவத்தைத் தாங்களே படித்து நிரப்புகிறார்கள்.

இத்தனையும் வந்த பிறகு, பிள்ளை படிப்பதைக் கேட்க ஆளுக்கு நேரம் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. எந்தத் திட்டம் வந்தாலும் கூடவே ஒரு பதிவேடும் வந்தது. பதிவேடு பிறகு செயலியானது. வருகை, சீருடை, புத்தகம், மதிப்பீடு எல்லாம் ஏற்ற வேண்டும். மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கிற ஊரில், ஒரு பிள்ளை படிப்பதைக் கேட்கிற பொழுது கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதில் போகிறது. ஆசிரியர் இருவர் உள்ள பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். பிள்ளைகளைப் பற்றிய விவரம் எங்கேயோ ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விரல் எந்த வரியில் இருக்கிறது, வாய் எந்த வரியில் இருக்கிறது என்ற ஒரு விவரத்தை மட்டும் எந்தச் செயலியிலும் ஏற்ற முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். கைநாட்டு வைத்த தாய்க்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மாலையில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, "சத்தமாப் படி, கேக்குறேன்" என்பாள். பிள்ளையும் அம்மாவுக்காகக் கத்திப் படிக்கும். படிக்கத் தெரிந்த இன்றைய தாய், வேலை முடித்துக் களைத்து வந்து, பிள்ளையை ட்யூஷனுக்கு அனுப்புகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவள் நாளும் அவ்வளவு நீளம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அவளுக்கு இருக்கிற படிப்பு பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

திட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்றாம் வகுப்புக்கு என்று தனியாக ஓர் ஆசிரியர் கொடுங்கள், அவரை வேறு எந்த வகுப்போடும் பங்கு போடாதீர்கள். பள்ளி நேரத்தில் அவர் கையில் பதிவேற்ற வேலை எதையும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் நடந்தால், எந்த முறையில் கற்பித்தாலும் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் படித்துவிடுவார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இன்று இரவு சாப்பிட்ட பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். புத்தகத்தில் ஒரு பத்தி போதும். விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கிய இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். முடித்ததும் என்ன கதை என்று கேளுங்கள். நாளைக்கும் இதையே செய்யுங்கள். தொடக்கப்பள்ளியில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான். இதற்குப் பயிற்சியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.